மஞ்சுளாவைவிட ஒன்று குறைவாக

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் பத்தாவதில் கணக்கில் தவறியவள். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கம்பெனியில் கையெழுத்துப் போடவும் மளிகைச் சீட்டு எழுதவும்தான். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி, "என்கிட்ட சொன்னதை அப்படியே எழுதி வைங்கம்மா, உங்க வயசுக்காரங்க நாலு பேராவது டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுவாங்க" என்றாள். அதனால் துணிந்து உட்கார்ந்திருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் என் ஓரகத்தி மஞ்சுளா நிறைய வருவாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுக்கா, ஆனா என்னை நல்லா எழுது" என்றாள். முயற்சி செய்கிறேன்.

என் பெயர் வசந்தா. வயது நாற்பத்தொன்பது. ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனியில் பதினாறு வருடமாக வேலை. என் வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மஞ்சுளா என் கொழுந்தனாரின் மனைவி. அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரி. ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். பூஜை அறை கீழே, இரண்டு குடும்பத்துக்கும் பொது. வேலையும் ஒரே கம்பெனி, ஒரே லைன். நான் மூத்த மருமகள் என்று பேர். ஆனால் எனக்கும் அவளுக்கும் வயதில் ஏழு மாதம்தான் வித்தியாசம்.

அவள் மேல் எனக்குப் பொறாமை. கல்யாணமாகி அவள் வந்த நாளிலிருந்து. அவள் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் சண்டை போடுவாள், மூன்றிலும் சிரிக்க வைப்பாள். நான் ஒன்றிலேயே திணறுவேன். என் வீட்டுக்காரரே வேலை முடிந்து வந்ததும் "மஞ்சுளா இன்னைக்கு என்ன கூத்து பண்ணுச்சு?" என்றுதான் கேட்பார். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் முதல் பானை.

எங்கள் குலதெய்வம் பாரூர் பக்கம் ஏரிக்கரையில் இருக்கிறது. மாசி மாதம் பங்காளிகள் எல்லோரும் போய்ப் பொங்கல் வைப்போம். எங்கள் வீட்டு மூத்த மருமகள்தான் முதல் பானை வைக்க வேண்டும். அது பொங்கிய பிறகுதான் மற்ற அடுப்புகளுக்கு நெருப்பு. இருபது வருடத்துக்கு மேல் நான்தான் வைத்தேன். வாய் பேசாத என்னை நூறு பேர் நின்று பார்ப்பது அந்த ஒரு நாள்தான். போன வருடம் மாசிப் பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குத் தூரமாகிவிட்டது. வேன் பக்கத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். மஞ்சுளாவுக்கு அப்போதே மாதவிலக்கு நின்றிருந்தது. அவள் வைத்தாள். பானை நன்றாகப் பொங்கியது. பெரியவர் ஒருவர், "இனிமே மஞ்சுளாவே வெக்கட்டும். அதுக்கு நின்னுபோச்சு, பயமில்ல" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். அந்தப் 'பயமில்ல' எனக்குத் தொண்டையில் முள் மாதிரி மாட்டிக்கொண்டது.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மஞ்சுளா மாடிப்படியில் ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் சிலருக்குத் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை தீ மாதிரி ஒரு சூடு ஏறும், வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். உடம்பில் ஒரு சுரப்பு குறைவதால் வருவது. அவளுக்கு அது வந்தால் ஊருக்கே தெரியும். கொழுந்தனார் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். மறுவாரமே அவளுக்கென்று ஏர்கூலர் வாங்கினார். பெங்களூரில் இருக்கிற மகள் தினமும் போன் செய்து விசாரிப்பாள். எனக்கும் அதே சூடு வரும். நான் ஃபிரிட்ஜைத் திறந்து காய் தேடுகிற மாதிரி நிற்பேன்.

"உனக்கும் இப்படி வருதா அக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு நின்னே நாலு மாசமாச்சு. இந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

நின்றதும் பொய். ஒன்றும் இல்லை என்பதும் பொய். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. கொழுந்தனார் விசிறுவதை நிறுத்திவிட்டு, "அப்ப வர்ற மாசிக்கு அண்ணியே பானை வெக்கலாம்" என்றார். மஞ்சுளா, "ஆமா, அதுதானே முறை" என்று ஒரு பேச்சில் விட்டுக்கொடுத்தாள். அப்படிச் சுலபமாக விட்டுக்கொடுத்ததும் எனக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு பொய்யைக் காப்பாற்றுகிற வேலை. எனக்கு இரண்டு மாதம் வராது, வந்தால் பதினைந்து நாள் நிற்காது. கட்டி கட்டியாகப் போகும். நாப்கினை டிபன் பைக்கு அடியில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய் அங்கே மாற்றுவேன். வீட்டில் எல்லா நாளும் பூஜை அறையில் விளக்கேற்றினேன். மாசிப் பொங்கலுக்கும் போனேன். அன்று எனக்கு மூன்றாவது நாள். கருஞ்சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு பானை வைத்தேன். பொங்கியது. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு பயமும் ஒரே நேரத்தில் எனக்கு வந்தது அன்றுதான்.

இந்த வருடம் ஆடி மாதத்தில் எங்கள் கம்பெனிக்கு நர்சிங் கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பெண்களைக் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு மாதம் முழுதாக ஒரு சொட்டும் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் போகாமல் இருந்திருப்பேன். மஞ்சுளா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

எங்களுக்கு வந்தவள் பெயர் ரேவதி. "இந்த வயசுல உங்க வாழ்க்கை எப்படி இருக்குதுன்னு அளக்கப் போறோம்மா" என்றாள்.

"எதுல அளப்ப, படியிலயா ஸ்கேல்லயா?" என்றாள் மஞ்சுளா.

"மார்க்குல. ஒவ்வொரு தொந்தரவுக்கும் சைபர்ல இருந்து ஆறு வரைக்கும். சைபர்னா தொந்தரவே இல்ல. ஆறுன்னா தாங்கவே முடியல."

இரண்டு பக்கத் தாள். உடம்பு சூடு, வேர்ப்பு, தூக்கம், மறதி, மூட்டு வலி, காரணமில்லாமல் அழுகை, எரிச்சல் என்று போனது. மஞ்சுளா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துச் சத்தமாக மார்க் போட்டாள். வீட்டுக்காரரோடு சேர்ந்திருப்பது பற்றி ஒரு கேள்வி. "இதுக்கு ஆறுக்கு மேல இல்லியா கண்ணு?" என்றாள். கேன்டீனே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு அவள் தாளைப் பார்த்தேன். அவள் ஐந்து போட்டால் நான் நாலு. அவள் நாலு போட்டால் நான் மூன்று. எங்கள் லைனில் குறை குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் போர்டில் பச்சை நட்சத்திரம் ஒட்டுவார்கள். அதே புத்திதான். எல்லாவற்றிலும் அவளைவிட ஒன்று குறைவாக. 'உடல் சோர்வு' என்ற இடத்தில் அவள் சைபர் போட்டிருந்தாள். நான் பஸ் படி ஏறவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சைபருக்குக் கீழே போக முடியாது என்பதால் நானும் சைபர் போட்டேன். பொறாமைக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. இருந்திருந்தால் அதற்கு ஆறு போட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில், பத்து மணி டீக்குக் கொஞ்சம் முன்னால், கையில் வயரோடு கீழே விழுந்தேன். நினைவு வந்தபோது கம்பெனி வண்டியில் மஞ்சுளாவின் மடியில் தலை இருந்தது. புடவையெல்லாம் நனைந்திருந்தது. "ஏனக்கா இது, ஏனக்கா" என்று கன்னடத்தில் அழுதுகொண்டே வந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டியது ஆறுதான் இருந்தது. டாக்டர் அம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்து, "மாதவிலக்கு எப்படிம்மா வருது?" என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி என் வீட்டுக்காரர், கொழுந்தனார், மஞ்சுளா. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மஞ்சுளா சொன்னாள்: "அக்காவுக்கு நின்னு ஒரு வருஷத்துக்கு மேலயே ஆச்சு மேடம்."

டாக்டர் முகம் மாறியது. "நின்னதுக்கு அப்புறமா இவ்வளவு ரத்தம் படுது?" என்றார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதை அவர் மயக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் ஸ்கேன். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். கர்ப்பப்பைக்குள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு அது மெலிந்துபோக வேண்டும். எனக்குத் தடித்திருந்தது. கூடவே ஒரு சின்ன நார்க்கட்டி. மயக்க ஊசி போட்டு உள்ளே சுரண்டிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "புத்துநோயான்னு பாக்கத்தான். ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். எப்படி இருந்தாலும் இந்த வயசுல, நின்னதுக்கப்புறம் படற கர்ப்பப்பையை வெச்சுக்க வேண்டாம். சினைப்பையோட சேத்து எடுத்துடலாம். ரத்தம் கொஞ்சம் ஏறட்டும், வர்ற வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

இதை எழுதக் கை கூசுகிறது. அதற்குப் பிறகு வந்த நாலு நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து சாத்துக்குடி உரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக என் கையில் வைத்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் எனக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்ததில்லை. சேலத்தில் வேலை செய்கிற மகன் காலையும் மாலையும் போன் செய்தான். பங்காளி வீட்டுப் பெண்கள் ராகிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். "பாவம் வசந்தா, வாயே திறக்காது" என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். மஞ்சுளாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

வார்டில் மட்டும் அவள்தான் ராணி. துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதால் அவள் லீவு போட்டு என்னோடு தங்கினாள். அஞ்செட்டியிலிருந்து வந்திருந்த பாட்டிக்குக் கன்னடத்தில் டாக்டர் சொன்னதை விளக்குவாள். வேப்பனப்பள்ளிப் பெண்ணோடு தெலுங்கில் மாங்காய் விலை பேசுவாள். நர்ஸ் எனக்கு ஊசி போட வந்தால், "மஞ்சுளாக்கா எங்க?" என்று கேட்டுக்கொண்டே போடுவாள். என் கட்டிலில்கூட அவளைத்தான் தேடுகிறார்களே என்று இருக்கும். அவள் என் அழுக்குத் துணியை அலசிக்கொண்டு வந்து ஜன்னலில் காயப்போடுவாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் சாத்துக்குடியும் போகும், கஞ்சியும் போகும், பானையும் போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கர்ப்பப்பை போகும். கர்ப்பப்பை போனால் போகட்டும், அப்புறம் உண்மையாகவே நின்றுவிடும், பொய்யே இல்லாமல் ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ரேவதி வந்தாள். அந்த வார்டில் அவளுக்குப் பயிற்சி. எனக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனவள், ஒரு ஃபைலோடு திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். மஞ்சுளா வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள்.

"அம்மா, கம்பெனியில உங்க பேப்பரும் மஞ்சுளாம்மா பேப்பரும் அடுத்தடுத்து இருந்துச்சு. எல்லாத்துலயும் உங்களுக்கு ஒரு மார்க் கம்மி. எங்க மேடம் பாத்துட்டு, ரெண்டையும் நீயே எழுதிட்டியான்னு என்னைத் திட்டினாங்க."

பத்தாவதில் பார்த்து எழுதி மாட்டியபோது காது சூடானது மாதிரி ஆனது.

"திட்டினது போகட்டும்மா. சோர்வுக்கு சைபர் போட்டிருக்கீங்க. ஆறு ரத்தத்துல எப்படி சைபர் வரும்? வேற பேப்பர் தரேன். யாரையும் பாக்காம போடுங்க. நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

பேனாவை வாங்கினேன். சூடு, ஐந்து. வேர்ப்பு, ஐந்து. தூக்கம், ஆறு. சோர்வு, ஆறு. போடப் போட லேசாக இருந்தது. யாருமே என்னிடம் கேட்காததை ஒரு தாள் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் மேலே முதல் கேள்விக்கு வந்தேன். அதை விட்டுவைத்திருந்தேன். 'மாதவிலக்கு நின்று எத்தனை மாதங்கள்?'

"இதை நான் போட முடியாதும்மா. எனக்கு நிக்கவே இல்ல" என்றேன்.

ரேவதி என் கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை ஆபரேஷன் எழுதியிருக்காங்க. டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதா?" இது மஞ்சுளாவின் குரல். ஃபிளாஸ்கோடு கட்டிலின் கால் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "நிக்கலியா? அப்ப மாசியில?"

"மூணாவது நாள்."

ஃபிளாஸ்கைக் கீழே வைத்தாள். "என் கையில இருந்து வாங்கி, தூரத்தோட வெச்சியா பானையை? சாமியை விடு, சாமி பாத்துக்கும். டாக்டர்கிட்ட நான்ல சொன்னேன், நின்னுபோச்சுன்னு! வெள்ளிக்கிழமை உன்னை அறுத்திருந்தா அது என் வாயால அறுத்த மாதிரிதானே? ஒரு பானைக்கு கர்ப்பப்பையைக் குடுப்பியா நீ?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அஞ்செட்டிப் பாட்டி கன்னடத்தில் ஏதோ கேட்டாள். மஞ்சுளா அவளிடமும் ஒரு அதட்டல் போட்டாள்.

"இன்னொண்ணு தெரியுமா உனக்கு? நான் அங்க துண்டைச் சுத்திக்கினு சாவறேன், இவளுக்கு மட்டும் ஒண்ணுமில்லாம நின்னுபோச்சே, குடுத்து வெச்சவன்னு ஒரு வருஷமா உன்னைப் பாத்து எரிஞ்சுக்கினு இருக்கேன். அதுவும் பொய்யா?"

அவ்வளவு திட்டுக்கு நடுவிலும் எனக்கு அது இனித்தது. மஞ்சுளா என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். என்னைப் பார்த்து! மறைக்காமல் எழுதுகிறேன், அழுதுகொண்டே உள்ளுக்குள் சிரித்தேன்.

ரேவதிதான் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் என்னைப் பத்து நிமிடம் திட்டினார். "நாங்க ஸ்கேனை வெச்சு மட்டும் முடிவு பண்றதில்லம்மா. நீ சொல்றதை வெச்சும்தான் பண்றோம்" என்றார். மாதவிலக்கு இன்னும் நிற்காத பெண்ணுக்கு அந்தச் சவ்வின் தடிப்பு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லையாம். நிற்கப்போகிற காலத்தில் இப்படிக் கண்டபடி படுவது பலருக்கும் நடப்பதாம். ஆனாலும் சதைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும், அது செய்தது நல்லதுதான் என்றார். வெள்ளிக்கிழமை ஆபரேஷனை அடித்துவிட்டு, படுவதை நிறுத்த மாத்திரையும் ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரையும் எழுதினார்.

வீட்டுக்காரரிடம் யார் சொல்வது? "நான் சொல்ல மாட்டேன். நீ ஆரம்பிச்சே, நீயே முடி" என்றாள் மஞ்சுளா. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. துணி அலசினாள், வெந்நீர் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். வாரும்போது சிக்கை வேண்டுமென்றே இழுத்தாள்.

சாயங்காலம் அவர் சாத்துக்குடியோடு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப புத்துநோய் இல்லியா?" என்று கேட்டார்.

"ரிசல்ட் வரணும். பெரும்பாலும் இருக்காதுன்னு சொன்னாங்க."

"மலைக்கோயிலுக்கு மொட்டை வேண்டியிருக்கேன். பொய்யான நோவுக்கு வேண்டினா அது செல்லுமா, செல்லாதா?"

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்த மஞ்சுளாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "படறது பொய்யில்ல பாவா, கணக்குதான் பொய்" என்றாள் அவரிடம். அவர் மீதிச் சுளையை உரித்து, பாதியை எனக்கும் பாதியை அவளுக்கும் கொடுத்தார். எனக்குக் கொடுத்த பாதியில் ஒரு சுளை குறைவு. எண்ணிப் பார்த்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் பானையை இனிமேல் நீயே வை என்று மஞ்சுளாவிடம் சொன்னேன். "நீ தூக்கிக் குடுத்து நான் வெக்கணுமா? பேடாம்மா, வேண்டாம்" என்றாள். பங்காளிகளிடம் என்ன சொல்வது என்று என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில் நானே அந்தப் பங்காளிப் பெரியவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பரிகாரம் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அவ்வளவு நீளமாக நான் போனில் பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் மஞ்சுளா நின்றுகொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் எனக்காகப் பேச வரவில்லை.

பத்தாவது நாள் ரிசல்ட் வாங்க அவளும் என்னோடு வந்தாள். புற்றுநோய் இல்லை. மூன்று மாதம் மாத்திரை, பிறகு மறுபடி ஸ்கேன். தாளை மடித்து என் பையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, "பதினஞ்சு நாள் லீவு போட்டிருக்கேன் உனக்காக. எனக்கு ஒண்ணு வந்தா நீ போடுவியா?" என்று கேட்டாள்.

"போடுவேன்" என்றேன்.

"பதினஞ்சு?"

"பதினாறு."

மறுநாள் என் வீட்டுக்காரர் மலைக்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மஞ்சுளா ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போனாள். எனக்குக் காலையிலிருந்து லேசாகப் பட்டது. பூஜை அறைக்குப் போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினேன்.